பழைய இறைப்பு இயந்திரத்தின் கோளாறுகளை அறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழையும் கிணறுமே இங்குள்ள கமக்காரருக்கு வாய்த்த நீர். பண்டத்தரிப்பிலும் அதனைச் சூழ்ந்த சில்லாலை, மாதகல், சண்டிலிப்பாய் முதலிய ஊர்களிலும் வடகீழ்ப் பருவமழையை நம்பி நெல் விளைகின்றது. நெல் அறுவடையானபின் வெங்காயம், மிளகாய், கத்தரி, பயிற்றை ஆகியன கிணற்று நீரை நம்பி விளைகின்றன. துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைத்த காலத்தை முதியோரே அறிவர். இன்று தோட்டக் கிணற்றின் அருகே மண்ணெண்ணெய் இயந்திரமோ மின்மோட்டாரோ இருக்கக் காணலாம்.

மின்கம்பி எட்டாத தோட்டங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கிணறுகளில் மாறிமாறி இறைப்போருக்கும் தூக்கிச் செல்லத்தக்க மண்ணெண்ணெய் இயந்திரமே இன்றும் உதவுகின்றது. புதிதாக ஒன்று வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லையாதலின், பிறர் கையில் ஓடிய இயந்திரத்தை விலைக்கு வாங்குவோர் பலர். அது குறைவான செயலன்று. நன்கு பேணப்பட்ட பழைய இயந்திரம், பேணாத புதிய இயந்திரத்திலும் பார்க்க நம்பத்தக்கது. ஆயினும், பங்குனி வெயிலிலே வெங்காயம் முழுக்கும் தறுவாயில் இயந்திரம் நின்று, மூன்று நாட்களுக்கொருமுறை பாய வேண்டிய நீர் பத்து நாட்களாகப் பாயாவிடின், இயந்திரத்தில் மிச்சம் பிடித்த பணம் பாத்தியிலே போய்விடும். 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே முறையில் உயர்ந்தது. அதன்பின், அளவுக்கு மிஞ்சி எண்ணெய் குடிக்கும் இயந்திரத்தை வைத்திருத்தலும் இழப்பே ஆகும்.

இயந்திரம் நின்றவுடன் பலர் செய்வது யாதெனில், கைக்கு அகப்பட்ட திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்தலாம். இதனால் ஒரு கோளாறு இரண்டாகும். கோளாறு எங்கே உள்ளது என்பதை அறிந்த பின்னரே ஸ்பனரைக் கையில் எடுத்தல் வேண்டும். அறிதற்கு வழி உண்டு. அதற்குப் பெருங் கல்வி வேண்டியதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விற்பவர் வீட்டுக்குச் செல்லுங்கால் இயந்திரம் குளிர்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். கையை வைத்துப் பார்க்கச் சூடாயிருப்பின், வாங்குபவர் வருமுன்னரே அது ஓட்டப்பட்டது என்பது தெளிவு. குளிர்ந்த இயந்திரம் தொடங்கும் விதமே அதன் உண்மையான குணம். ஆகவே அது ஆறும்வரை காத்திருத்தல் நன்று; காத்திருக்க விற்பவர் விரும்பாவிடின், அதுவும் ஓர் அறிகுறியே.

முதலில் ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். ஒயில் கறுத்திருப்பது இயல்பு. ஆனால் விரல்களுக்கிடையே தேய்க்கும்போது தண்ணீர் போல வழுக்கி, மண்ணெண்ணெய் மணமும் வீசுமாயின், எரியாத எண்ணெய் சிலிண்டரிலிருந்து கீழே இறங்கியுள்ளது எனக் கொள்ளலாம். பின்பு தொடக்கக் கயிற்றை மெதுவாக இழுத்தல் வேண்டும். ஓரிடத்தில் கயிறு இறுகித் தடுத்து, விட்டவுடன் சற்றுப் பின்வாங்குமாயின் அமுக்கம் நன்று. தடையின்றிச் சுற்றுமாயின் றிங், வால்வு, காஸ்கெற் ஆகிய மூன்றில் ஒன்று கெட்டுள்ளது. பம்பின் அச்சைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருப்பின் பெயரிங் தேய்ந்துள்ளது.

கடற்கரைப் பக்கமிருந்து வரும் இயந்திரங்களைக் கூடுதலாகச் சோதித்தல் வேண்டும். மாதகலும் சேந்தாங்குளமும் பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள மீன்பிடிக் கரைகள். உவர்நீர் இறைத்த பம்பின் உட்புறம் வெண்மையாகப் பூத்து அரிக்கப்பட்டிருக்கும். வெளியே புதிதாக வர்ணம் பூசியிருப்பினும், நீர் செல்லும் வாயினுள் விரலைவிட்டுத் தடவினால் உண்மை புலப்படும்.

இயந்திரம் தொடங்க மறுத்தால்

இயந்திரம் தொடங்குவதற்கு மூன்று வேண்டும்: தீப்பொறி, எரிபொருள், அமுக்கம். இம்மூன்றையும் இதே ஒழுங்கில் சோதித்தால் பெரும்பாலான கோளாறுகள் கால் மணி நேரத்துள் அகப்படும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் முதல் வேலை. பலமுறை கயிற்றை இழுத்த பின்னும் பிளக் உலர்ந்திருப்பின் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருப்பின் எரிபொருள் வருகின்றது, ஆனால் எரியவில்லை. இந்த ஒரு பார்வையே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். பின்பு பிளக்கைத் துடைத்து, கம்பியுடன் பொருத்தி, அதன் உலோகப் பாகம் இயந்திரத்தின் உடலிற் படும்படி பிடித்துக்கொண்டு, வேறொருவரைக் கயிற்றை இழுக்கச் சொல்ல வேண்டும். நீல நிறப் பொறி சடாரெனப் பாயுமாயின் நன்று. இச்சோதனையைச் செய்யுமுன் எரிபொருட் குழாயை அடைத்து, சிந்திய பெற்றோலைத் துடைத்து, பிளக்கைத் துவாரத்துக்கு எட்ட வைத்தல் அவசியம். துவாரத்திலிருந்து வீசும் ஆவி தீப்பற்றக்கூடியது.

பொறி மங்கிச் செந்நிறமாயிருப்பின், அல்லது முற்றாக இல்லாதிருப்பின், முதலில் வேறொரு நல்ல பிளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருத்தல் தகும். பழைய வகை இயந்திரங்களில் பறக்கும் சில்லின் கீழே பொயின்ற் உண்டு. அது கரி பிடித்திருப்பின் மெல்லிய எமறித்தாளால் தேய்த்து, பெற்றோலில் நனைத்த துணியாற் துடைத்துவிடலாம். பிற்காலத்து இயந்திரங்களிற் பொயின்ற் இல்லை. அவற்றுள் சிலவற்றில் ஒயில் குறைந்தவுடன் பொறியை நிறுத்திவிடும் ஒரு கருவி அமைந்துள்ளது. இதை அறியாது கொயிலை மாற்றிப் பணம் செலவிட்டோர் உளர். எனவே பொறி இல்லையெனில், எதனையும் கழற்றுமுன் ஒயிலின் அளவைப் பார்த்தல் நன்று. இயந்திரமும் மட்டமான தரையில் இருத்தல் வேண்டும். சரிவில் வைத்தாலும் அக்கருவி ஏமாந்து பொறியை நிறுத்தும்.

பொறியும் உண்டு, எரிபொருளும் உண்டு, எனினும் இயந்திரம் தொடங்காது கயிற்றைப் பின்னோக்கி வெடுக்கென இழுக்குமாயின், பறக்கும் சில்லைப் பிடித்திருக்கும் சிறு சாவித்துண்டு வெட்டுப்பட்டிருத்தல் கூடும். சில்லு சற்றே திரும்பியதும் பொறி தவறான நேரத்திற் பாயும். இது மலிவான துண்டு. ஆனால் சில்லைக் கழற்றுதற்கு உரிய கருவி வேண்டுமாதலின் பழகிய திருத்துநரிடம் விடுதலே முறை. சுத்தியலால் அடித்துக் கழற்றிய சில்லுகள் வெடித்ததுண்டு.

அமுக்கம் இல்லையெனக் கண்டால், பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டுக் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். தடை கூடுமாயின் றிங் தேய்ந்துள்ளது. ஒயில் அந்த இடைவெளியைச் சிறிது நேரம் அடைத்திருக்கின்றது. கூடாவிடின் வால்வு சரியாகப் படியவில்லை, அல்லது தலைக் காஸ்கெற் எரிந்துள்ளது. தலையைச் சுற்றிச் சவர்க்கார நீரைத் தடவிக் கயிற்றை இழுத்தால், காஸ்கெற் விட்ட இடத்திற் குமிழி தோன்றும்.

மண்ணெண்ணெயின் குணம்

இந்த இயந்திரங்களின் கோளாறுகளுள் மிகுதியானவை எரிபொருளைப் பற்றியனவே. ஆதலின் இதனைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, இயந்திரம் சூடேறிய பின்னரே அது நன்கு ஆவியாகி எரியும். இதற்காகவே பெற்றோலுக்குச் சிறு தாங்கியும் மண்ணெண்ணெய்க்குப் பெருந் தாங்கியும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. பெற்றோலில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துமுன்னும் இரண்டு நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டினால், காபரேற்றரில் எஞ்சியிருப்பது பெற்றோலாகும். மறுநாட் காலை இயந்திரம் ஒரே இழுவையில் தொடங்கும். இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிப்போர் மறுநாள் அரை மணி நேரம் கயிறு இழுக்கின்றனர்.

பெற்றோல் கிடைத்தற்கரியதாயிருந்த 1990களின் முற்பகுதியில் குடாநாட்டு மக்கள் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் விட்டுத் தொடக்கினர். தேவை கற்பித்த அவ்வித்தை பாராட்டத்தக்கது. ஆனால், பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினால் அதன் அமுக்கம் மண்ணெண்ணெய்க்கு மிஞ்சியதாயிருக்கும். பாரம் ஏறியவுடன் உள்ளே கல்லைத் தட்டுவது போன்ற ஓசை எழும். அவ்வோசையுடன் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் கெடும். பழைய இயந்திரத்தை வாங்குபவர் அது எந்த எரிபொருளுக்காக அமைந்தது என்பதைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து ஒயிலுடன் கலக்கும். ஒயிலின் அளவு குறையாது கூடிக்கொண்டு வருதல் இதன் அடையாளம். ஒயில் கூடுகின்றதே என மகிழ்வதற்கில்லை. மெலிந்த ஒயில் பெயரிங்கைக் காக்காது. ஆகவே மண்ணெண்ணெய் இயந்திரத்தில் ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுதல் தகும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைக்கும் தோட்டத்துக்கு இது மூன்றரைக் கிழமைக்கு ஒருமுறையாகும். இயந்திரத்தின் அருகே மரத்திலோ கதவிலோ கரியாற் கோடிட்டு மணிக்கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

நன்றாகத் தொடங்கிப் பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் நின்று, சிறிது நேரத்தின் பின் மறுபடி தொடங்கும் இயந்திரம் பலரைக் குழப்புவதுண்டு. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டிருத்தலே இதற்குப் பெரும்பாலும் காரணம். காற்று உட்செல்லாவிடின் எண்ணெய் கீழிறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தியவுடன் இயந்திரம் சீராக ஓடுமாயின் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. துவாரத்தை ஊசியாற் குத்திவிட்டாற் போதும். ஆயின் காபரேற்றரிலுள்ள ஜெற்றுக்கு இந்த ஊசி வைத்தியம் ஆகாது. அதன் துவாரம் மிக நுண்ணிய அளவுடையது. கம்பியாற் குத்தினால் அது பெருத்து, அன்று முதல் இயந்திரம் கரும்புகை கக்கி எண்ணெயை வீணாக்கும். ஜெற்றைப் பெற்றோலிற் கழுவி ஊதுதலே முறை. வடிகிண்ணத்தில் அடியிலே தேங்கும் நீரையும் வண்டலையும் கிழமைக்கொருமுறை ஊற்றிவிடல் வேண்டும். பீப்பாவிலிருந்து வாங்கும் எண்ணெயில் நீர் கலந்திருத்தல் புதுமையன்று.

ஓடும் இயந்திரம் களைத்தால்

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். கரும்புகையெனில் காற்று வடி அடைபட்டுள்ளது, அல்லது எண்ணெய் மிகுதியாக வருகின்றது. நீலப்புகையெனில் ஒயில் எரிகின்றது. றிங்கைப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் மணத்துடன் வெண்புகை எழின், இயந்திரம் போதிய சூடு பெறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டது.

அளவுக்கு மிஞ்சிச் சூடாகும் இயந்திரத்தில் முதலிற் பார்க்க வேண்டியது தகரக் கவசம். முன்பு திருத்தியவர் அதைக் கழற்றி மீண்டும் மாட்டாது விட்டிருப்பார். காற்றுப் பட்டால் குளிரும் என்று எண்ணி வேண்டுமென்றே கழற்றி வைப்போரும் உளர். உண்மையில், விசிறியின் காற்றைச் சிலிண்டரின் செதில்களை நோக்கிச் செலுத்துவது அக்கவசமேயாகும். கவசம் இல்லாவிடின் காற்று வீணே சிதறும். செதில்களுக்கிடையே வைக்கோல், சேறு, எலிக்கூடு ஆகியன அடைந்திருப்பதையும் நீக்குதல் வேண்டும்.

இயந்திரம் ஓடுகின்றது, நீர் வரவில்லை

இயந்திரத்தின் மேற் சுமத்தப்படும் பழிகளிற் பல உண்மையில் உறிஞ்சு குழாயின் பிழைகளே. பம்பு நீரை இழுப்பதில்லை என்பதைக் கமக்காரர் மனங்கொள்ளல் வேண்டும். பம்பு தன்னுள்ளே காற்றின் அழுத்தத்தைக் குறைக்கின்றது. கிணற்று நீரின்மேல் அழுத்தும் வெளிக்காற்றே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. அக்காற்றின் வலிமை ஏறக்குறைய 33 அடி நீரைத் தாங்கும் அளவினது. குழாயின் உராய்வையும் பம்பின் குறைகளையும் கழித்தால், 20 முதல் 25 அடி வரையே நடைமுறையிற் கிடைக்கும். மாசியில் நன்றாக இறைத்த இயந்திரம் ஆடியில் நீர் தரவில்லையெனில், இயந்திரம் கெடவில்லை. கிணற்று நீர் கீழே இறங்கியுள்ளது. எவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்த அளவு மாறாது.

நீர் எட்டும் ஆழத்தில் இருந்தும் வராவிடின், எங்கேயோ காற்று நுழைகின்றது. பம்பை நீரால் நிரப்பிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். நீர்மட்டம் இறங்கிவிடுமாயின், கிணற்றினுள் இருக்கும் புட்வால்வு மூடவில்லை. அதன் தோலிலோ றப்பரிலோ குச்சியோ சிறு கல்லோ அகப்பட்டிருக்கும். நிரப்பிய நீர் நின்றும், ஓடும்போது நீர் நுரைத்துக் குமிழியுடன் வருமாயின், குழாய் மூட்டிலோ அச்சின் சீலிலோ காற்று நுழைகின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு மூட்டின் மேலும் ஈரக் களிமண்ணை அப்பிப் பார்க்கலாம். எந்த மூட்டில் அப்பியதும் நீர் பெருகுகின்றதோ, அதுவே குற்றவாளி. வெயிலிற் கிடந்து வெடித்த பழைய குழாயை எத்தனை கம்பி சுற்றினாலும் பயனில்லை, மாற்றிவிடுதலே சிக்கனம்.

நீரின்றிப் பம்பை ஓட்டுதல் ஆகாது. சீலுக்குக் குளிர்ச்சி தருவது நீரே. சில நிமிட வறட்டு ஓட்டத்தில் அது எரிந்துவிடும்.

கிணற்றினுள் இயந்திரத்தை இறக்குதல்

நீர் எட்டவில்லையென்று இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி, படியிலோ பலகையிலோ வைத்து ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. கிணறு துப்புரவாக்கும் போதும் இவ்வாறு செய்வர். இது உயிருக்கு ஆபத்தானது. இயந்திரத்தின் புகையிலே காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமற்ற கிணற்றினுள் அது வெளியேற வழியின்றித் தங்கும். உள்ளே இறங்கியவர் மூச்சுத் திணறுவதையும் உணராது தலைசுற்றி விழுவார். அவரைத் தூக்கவென உடனே இறங்கும் தமையனோ மகனோ அடுத்து விழுவார். இயந்திரத்தை நிறுத்திய பின்னும் வாயு கிணற்றினுள் நெடுநேரம் இருக்கும். ஆகவே, ஓடும் இயந்திரத்தை எக்காரணம் கொண்டும் கிணற்றினுள் வைத்தல் கூடாது. எவரேனும் விழுந்துவிட்டால், மேலிருந்தே கயிற்றால் தூக்க முயல வேண்டும்; அயலாரைக் கூவியழைத்து, அவசர உதவியை உடனே நாட வேண்டும். ஆழமான கிணற்றுக்கு நீரினுள் அமிழ்த்தி வைக்கும் மின்பம்பே உரியது.

கிணற்றின் வலிமை

கோளாறு தீர்ந்து இயந்திரம் முழுவேகத்தில் ஓடத் தொடங்கியதும் மற்றோர் இடர் நேர்வதுண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே, கடலிலிருந்து ஊறும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழேயுள்ள உவர்நீர் அந்த விகிதத்தில் மேலெழும். பண்டத்தரிப்பின் வடக்கே கடல் அண்மையில் உள்ளமையால் இது இங்குள்ளோர் அஞ்ச வேண்டிய செய்தி. துலாவால் இறைத்தபோது ஆட்களின் களைப்பே கிணற்றைக் காத்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

ஆதலின் நீர் சுழித்து இறங்குமளவுக்கு ஓட்டாமல், வேகத்தைக் குறைத்து, காலையிற் பாதியும் மாலையிற் பாதியுமாக இறைத்தல் நன்று. கிணறு ஊறுவதற்கு இடையிலே நேரம் கிடைக்கும். நீரைச் சுவைத்துப் பார்த்து உவர்ப்புத் தட்டுமாயின், அன்றைய இறைப்பை நிறுத்திவிடல் வேண்டும். குறைந்த வேகத்தில் ஓடும் பழைய இயந்திரம் எண்ணெயையும் குறைவாகக் குடிக்கும், நெடுநாளும் உழைக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இயந்திரத்துக்கு ஓய்வு. அதை அப்படியே மூலையிற் தள்ளிவிடுவோரே தை மாதத்தில் திருத்துநரின் வாசலிற் காத்திருப்போர். மூடி வைக்குமுன் இரு தாங்கிகளையும் காபரேற்றரையும் வடித்துவிட்டு, பம்பிலுள்ள நீரையும் வெளியேற்றல் வேண்டும். பழைய ஒயிலை மாற்றி, பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை இழுத்து, இறுகும் இடத்தில் நிறுத்திவிட்டால் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டரினுள் நுழையாது. பின்னர் செதில்களுக்குள் எலி கூடு கட்டாதபடி சாக்கினாற் சுற்றி, தரையிற் படாமல் பலகையின்மேல் வைத்தல் வேண்டும்.